ஒரு சதம்

ஹமில்டனில், மாதத்தின் மூன்றாம் செவ்வாய்,
போலிங் கூடத்துக்குக் கீழே ஓர் அறை.
மேலே பந்து உருண்டு கட்டைகள் சரிகிற இடி.
கீழே நாங்கள் ஒன்பது பேர்,
பச்சைத் துணி விரித்த மேசை,
ஆறிப்போன கோப்பி,
திறந்து மடக்கும் சத்தங்கள்.
டிக். டிக்.

எல்லாம் எலெக்ட்ரீசியன் வில்லுக்கத்திகள்.
இரண்டே அலகு. ஒன்று வெட்ட.
மற்றது திருப்புளி, அதன் தோளில்
கம்பியின் தோலைச் சுரண்ட ஒரு சிறு பள்ளம்.
திருப்புளி நிமிர்ந்ததும் உள்ளே பித்தளைத் தகடொன்று நகர்ந்து
பூட்டிக்கொள்ளும், விரல்மேல் மடங்காதபடி.
அந்தப் பூட்டை யோசித்தவர்
ஒருதரமாவது விரலை வெட்டிக்கொண்டவராய்த்தான் இருக்க வேண்டும்.

விதிகள் அதிகமில்லை.
கேட்காமல் தீட்டாதே.
எண்ணெய் ஒரு துளி போதும்.
மாதம் ஒருவர் ஒரு கத்தியைக் கொண்டுபோகலாம்,
அதால் வேலையும் செய்யலாம்,
செய்ததைக் கொப்பியில் எழுத வேண்டும்.
'சீஸ் வெட்டினேன், மன்னிக்கவும்'
என்று மிரெய் எழுதியிருக்கிறாள்.

கத்தியைச் சும்மா கொடுத்தால் நட்பு அறுந்துவிடுமாம்.
அதற்கு ஒரு சதம் விலை.
நாடு சதம் அடிப்பதை விட்டுப் பல வருடம்.
லோர்ன் பச்சுக் ஒரு ஜாம் போத்தல் நிறைய வைத்திருக்கிறார்,
அதிலிருந்து நமக்கு ஒன்றைத் தந்து
நம்மிடமே வாங்கிக்கொள்ள.
முதல் நாள் எனக்குச் சிரிப்பு.
ஆனால் அவர் கத்தியை நீட்டியபோது
என் கை போகவில்லை.
மேசையில் வையுங்கள், எடுக்கிறேன் என்றேன்.
கைக்குக் கை கத்தி மாறினால் சண்டை வரும்:
எங்கள் குசினிச் சட்டம்.
இப்போது எல்லோரும் சதமும் கொடுக்கிறார்கள்,
மேசையிலும் வைக்கிறார்கள்.
கரண்ட் வேலைக்காரருக்குத் தெரியும்,
இரட்டைக் காப்பு நல்லது.

இம்மாதம் நான் கேட்டது
யாரும் கேட்காத ஒன்று.
வெட்டும் அலகின் நடுவில் ஒரு கடி.
பயறளவு. ஓரம் உருகி உருண்டு நீலம் பாரித்தது.
சேகரிப்பவர்களுக்கு அது பழுது.
பத்தொன்பது வருடம் ஆஸ்பத்திரி வயரிங் பார்த்த எனக்கு
அது கையெழுத்து:
கறுப்பையும் வெள்ளையையும் ஒரே இழுப்பில் வெட்டி,
கண்முன் ஒரு சூரியன் வெடித்து,
கொஞ்ச நேரம் எதுவும் கேளாமல் நின்றவருடையது.

யார் என்று கேட்டேன்.
லோர்ன் தாடியைச் சொறிந்தார்.
"நான்தான். கரண்டை நிப்பாட்டியாச்சு எண்டு சொன்னவர்
அந்தா, டோனட் சாப்பிடுறார்."
ஆம்ப்ரோஸ் நிமிரவில்லை.
"நிப்பாட்டினனான்தான். நீ வெட்டினது பக்கத்து அறை."
"கதவிலை நம்பர் இல்லை."
"இருந்தது."
எழுபத்தெட்டில் தொடங்கிய வழக்கு.
தீர்ப்பு வந்துவிட்டால்
இரண்டு பேருக்கும் செவ்வாய்க்கிழமை இல்லை.

சதம் கொடுத்தேன். மேசையில் வைத்தார். எடுத்தேன்.

மூன்று கிழமை என் பையில் கிடந்தது.
பிறகு நாலாம் மாடி, பழைய எக்ஸ்ரே அறை.
பிரேக்கரை நானே இறக்கி, பூட்டி,
சாவியைப் பொக்கற்றில் போட்டு,
டெஸ்டரால் தொட்டேன். இல்லை.
இன்னொருதரம். இல்லை.
கடிபட்ட அலகை விரித்தேன்.
மடக்கினேன்.
எழுந்து போய்க்
கதவு நம்பரைப் பார்த்துவிட்டு வந்தேன்.

கொப்பியில் எழுத நிறைய இருந்தது. எழுதியது இவ்வளவு:
'பன்னிரண்டு வயர் உரித்தேன்.
கடிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும்
நன்றாக வெட்டுகிறது.
கதவில் நம்பர் இருந்தது.'

ஆம்ப்ரோஸ் இரண்டு தரம் வாசித்தார்.
கடைசி டோனட்டை என் பக்கம் தள்ளினார்,
கையில் தராமல், மேசைமேல்.

லோர்ன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
"அது வேறை கட்டிடம்" என்றார்.